தொடும் முன் நிற்கும் கை

“ஏற்கெனவே அடிதடிக்குப் போகிற பையன்களுக்கு அடிக்கவும் கற்றுக்கொடுத்தால் என்ன ஆவது?” கராத்தே வகுப்பு நடத்துகிற என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. நெருக்கியடித்த வீடுகள், இருட்டிய பிறகே வேலையிலிருந்து திரும்பும் பெற்றோர், தெருமுனையில் நிற்கும் கூட்டம் என்றிருக்கும் நகர்ப் பகுதியில் வகுப்பு வைத்தால் கேட்கத்தான் செய்வார்கள். கேட்பதில் தப்பும் இல்லை. நார்வேயில் எண்ட்ரெசென், ஓல்வேயுஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2005-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குத்துச்சண்டை, மல்யுத்தம், பளுதூக்குதல், தற்காப்புக் கலைகள் இவற்றில் சேர்ந்த சிறுவர்கள் வெளியிலும் முரட்டுத்தனமாக நடப்பது கூடியது என்றே அதில் கண்டார்கள். இதை மறைத்துவிட்டு, கராத்தே கற்றால் ஒழுக்கம் தானாக வந்துவிடும் என்று நோட்டீஸ் அடிப்பது எனக்குப் பிடிக்காத காரியம்.

அதற்கு முன்பே, 1986-இல், அமெரிக்காவில் மைக்கேல் ட்ரல்சன் செய்த ஆய்வு ஒன்று உண்டு. வம்பு வழக்கில் சிக்கிய இளைஞர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஆறு மாதம் பயிற்சி கொடுத்தார். ஒரு குழுவுக்கு மரியாதை, தியானம், நெறிகள் எல்லாம் சேர்ந்த பழைய முறை டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலை. இன்னொரு குழுவுக்கு வெறும் சண்டைப் பயிற்சி. மூன்றாவது குழுவுக்கு ஓட்டமும் பந்து விளையாட்டும். முதல் குழுவினரின் முரட்டுத்தனம் குறைந்தது, இரண்டாவது குழுவுக்குக் கூடிவிட்டது. சின்ன ஆய்வுதான், அதுவும் கராத்தே இல்லை. ஆனாலும் இத்தனை வருடமாக நான் கண்ணால் பார்ப்பதும் இதையேதான். அதே குத்து, அதே உதை. சொல்லிக்கொடுக்கும் விதத்தைப் பொறுத்து பையன் இந்தப் பக்கமும் போவான், அந்தப் பக்கமும் போவான்.

என் வகுப்பில் நான் அதிகம் மெனக்கெடுவது குத்தை நிறுத்தப் பழக்குவதற்கு. ஜப்பானியர்கள் சுன்டோமே என்பார்கள். இருவர் எதிரெதிரே நிற்க, ஒருவன் முழு வேகத்தில் குத்துவான், முஷ்டி எதிராளியின் தோலுக்கு ஒரு விரல் முன்னால் நிற்க வேண்டும். தெருவில் வளர்ந்த பையனுக்கு அடிக்கத் தெரியும், நிறுத்தத்தான் தெரியாது. முழங்கை வெளியே பிதுங்கும், தோள் காதுவரை ஏறும், மூச்சைப் பிடித்துக்கொள்வான். பின்குதிகால் தரையில் பதிந்து, மறுகை இடுப்புக்கு இழுபட்டு, கடைசி நொடியில் மட்டும் உடம்பு இறுகினால்தான் குத்து சொன்ன இடத்தில் நிற்கும். ஆரம்பத்திலிருந்தே இறுகிப்போன தோளை வைத்துக்கொண்டு யாராலும் நிறுத்த முடியாது. கோபமாக வந்தவனின் தோள் இறுகித்தான் இருக்கும். வரிசையில் நிற்கும்போதே தோள்களைப் பார்த்துவிடுவேன். யாருடைய வீட்டில் அன்றைக்கு ஏதோ நடந்திருக்கிறது என்பது ஓரளவு பிடிபட்டுவிடும். அவனை ஜோடிப் பயிற்சியில் விடாமல் அன்று முழுக்கத் தனியாகக் கட்டா, அதாவது வரிசையாகக் கோர்த்த அசைவுகளை, செய்யச் சொல்வேன். என்ன ஏது என்று எல்லோர் முன்னாலும் கேட்க மாட்டேன்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். பள்ளியில் சக மாணவனை அடித்து, சில நாள் வெளியே நிறுத்தப்பட்டிருந்தான். அம்மா கையோடு கூட்டிவந்தார். “நாலு அடி போட்டாவது இவனை வழிக்குக் கொண்டு வாங்க மாஸ்டர்” என்றார். நான் அடிக்க மாட்டேன் என்று சொன்னபோது அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. மாஸ்டர் என்றால் கையில் குச்சி இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். பெரியவன் சின்னவனை அடிக்கலாம் என்பதை வீட்டிலும் தெருவிலும் ஏற்கெனவே பார்த்துவிட்டு வருகிறான். அதையே நானும் செய்துகாட்டிவிட்டு, அப்புறம் எந்த வாயால் கட்டுப்பாடு பற்றிப் பேசுவது?

அவன் தினமும் கேட்டது ஒன்றுதான்: “ஃபைட்டு எப்போ மாஸ்டர்?” நான் ஹெயான் ஷோடானை விட்டு நகரவில்லை. 21 அசைவுகள் கொண்ட கட்டா, முதல் அசைவே இடப்பக்கம் திரும்பிக் கீழே வரும் தாக்குதலைத் தடுப்பது. ஹெயான் வரிசைக் கட்டாக்களை ஜப்பானின் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த கராத்தே ஆசான் இதோசு அங்கோ பள்ளிப் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் அமைத்தார். அவர் முயற்சியால் 1901 வாக்கில் கராத்தே அங்கே பள்ளிக்கூடத்துக்குள் வந்தது. அவரிடம் கற்றவரும், 1922-இல் டோக்கியோவில் அதைச் செய்துகாட்டிப் பரப்பியவருமான ஃபுனாகோஷி கிச்சின் தொழிலால் பள்ளி ஆசிரியர். கராத்தே என்றதும் திரையில் பறந்து அடிப்பவர்களை நினைப்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். வகுப்பறைப் பிள்ளைகளுக்காக ஆசிரியர்கள் செதுக்கிய கலை இது, அந்தப் பிள்ளைகளிடம் அப்படியே போய்ச் சேர வேண்டும்.

சரி, அந்தப் பையன். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒரு சின்னப் பெண்ணை அவனிடம் ஒப்படைத்தேன். கட்டாவில் மூன்றாவது அசைவுக்காகப் பின்னால் திரும்பும்போது புதியவர்களுக்குக் கால் இரண்டும் ஒரே கோட்டில் விழும், உடனே தள்ளாடுவார்கள். அவளும் தள்ளாடினாள். “அப்படி இல்ல, இப்படி” என்று இரண்டு முறை செய்துகாட்டினான். அவளுக்கு வரவில்லை. பல்லைக் கடித்தான், என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அப்புறம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அவள் குதிகாலைக் கையால் பிடித்து, இடுப்பு அகலத்துக்கு நகர்த்தி வைத்தான். “இங்க. இப்போ தள்ளுறேன், விழ மாட்டே பாரு” என்று அவள் தோளை லேசாகத் தள்ளினான். அவள் அசையவில்லை. அடுத்த வகுப்புக்கு முதல் ஆளாக வந்து, “அந்தப் பாப்பா வந்தாச்சா மாஸ்டர்?” என்று கேட்டான். அவன் தோள் இறங்கியது அதற்குப் பிறகுதான். அவன் கேட்ட ஃபைட்டில், அதாவது குமிதே என்ற எதிரெதிர்ப் பயிற்சியில், அவனை இறக்கியதும் அதற்குப் பிறகுதான்.

வகுப்பு முடிவில் முழந்தாளிட்டு அமர்ந்து ஐந்து நெறிகளைச் சொல்வோம். ஐந்தாவது, இரத்தம் சூடேறும்போது வருகிற துணிச்சலை அடக்கு என்பது. இதை வாயால் சொல்லி அனுப்பினால் போதாது. ஒருவன் வம்புக்கு இழுக்கும்போது விலகிப்போவது என் பிள்ளைகளுக்கு லேசான விஷயம் இல்லை. பயந்தாங்கொள்ளி என்ற பெயர் வந்துவிட்டால் அதே தெருவில் நாளைக்கும் நடந்தாக வேண்டுமே. ஆகவே விலகுவதையும் கட்டாவைப் போலவே பழக்குகிறேன். ஒருவன் சீண்டுவான், வாய்க்கு வந்ததைச் சொல்வான். மற்றவன் இரு கைகளையும் விரித்து நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டு ஓர் அடி பின்வைத்து, குரலை உயர்த்தாமல் “எனக்கு உன்கூட சண்டை வேணாம்” என்று சொல்லி, பக்கவாட்டில் நகர்ந்து வெளியேற வேண்டும். முதலில் எல்லோரும் சிரிப்பார்கள். பிறகு சீண்டுபவன் உண்மையிலேயே உறைக்கிற மாதிரி ஒன்றைச் சொல்வான், கூடம் அமைதியாகிவிடும். அங்கிருந்துதான் பயிற்சி ஆரம்பம். கத்தியை எடுத்தால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஓடு என்பேன். எந்த பெல்ட் கட்டியிருந்தாலும் ஓடு. வெறுங்கையால் கத்தியைத் தட்டிப் பறிக்கும் வித்தையை டெமோவில் செய்துகாட்டிப் பிள்ளைகளுக்குப் பொய்த் தைரியம் கொடுக்கிறவர்களை என்னால் ஏற்கவே முடியாது.

பெல்ட் விஷயமும் அப்படித்தான். ஃபுனாகோஷி தம் மாணவர்களுக்குக் கருப்பு பெல்ட் கொடுத்தது 1924-இல், அந்த வழக்கமே ஜூடோவிலிருந்து வந்தது. இன்றைக்குப் பணம் கட்டினால் நிறம் மாறும் வகுப்புகள் இருக்கின்றன. வீட்டில் கஷ்டம் தெரிந்து வளர்ந்த பிள்ளைக்கு, உழைக்காமல் வந்த நிறம் எது என்று உடனே தெரிந்துவிடும். என்னிடம் தேர்வுக்குக் கட்டணம் இல்லை. உடை சின்னதாகிப் போனவர்கள் கொடுத்ததை அலமாரியில் வைத்திருக்கிறேன், பொருந்துவதை எடுத்துக்கொள்ளலாம்.

நேரமும் முக்கியம். பள்ளி விட்டதற்கும் பெற்றோர் வீடு திரும்புவதற்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் வகுப்பை வைக்கிறேன். கதவை முன்கூட்டியே திறந்துவிடுவேன். வந்தவர்கள் ஈரத்துணியால் தரையைத் துடைப்பார்கள், சிலர் வீட்டுப்பாடம் எழுதுவார்கள். வராதவர்களின் வீட்டுக்கு அன்றைக்கே போன் செய்வேன். “ஏன் வரல?” என்று கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்பதே சில பிள்ளைகளுக்குப் புதிது.

கராத்தேயால் ஆகாததும் நிறைய இருக்கிறது. கடன், குடி, நோய் என்று வீட்டில் இருப்பதை நான் மாற்றிவிட முடியாது. உடம்பில் காயத்தோடு ஒரு பிள்ளை வந்தால் அதற்கென்று இருக்கும் குழந்தைகள் பாதுகாப்பு ஆட்களிடம் சொல்லியாக வேண்டும், மாஸ்டராக நானே சரிசெய்துவிடுவேன் என்று உட்காரக் கூடாது. நன்றாக வந்துகொண்டிருந்த ஒருவன் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டான், எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. அந்த முரட்டுப் பையன் இப்போது வேலைக்குப் போகிறான், லீவு கிடைக்கும்போது வந்து சின்னவர்களின் வரிசையைப் பார்த்துக்கொள்கிறான்.

பிள்ளையைக் கராத்தேயில் சேர்க்க நினைப்பவர்கள் முதலில் ஒரு வகுப்பை முழுதாக உட்கார்ந்து பாருங்கள். உட்கார விடவில்லை என்றால் அந்த இடமே வேண்டாம். ஜோடிப் பயிற்சியில் எப்படியும் ஒருவன் கொஞ்சம் அழுத்தி அடித்துவிடுவான். அப்போது மாஸ்டர் சிரித்துவிட்டு நகர்கிறாரா, அடித்தவனைத் திட்டி அறைகிறாரா, அல்லது பயிற்சியை நிறுத்தி, அடிபட்டவனைப் பார்த்துவிட்டு, அடித்தவனை அதே குத்தை மெதுவாகத் திரும்பச் செய்ய வைக்கிறாரா என்று கவனியுங்கள். மூன்றாவதைச் செய்கிறவரிடம் சேர்த்துவிடுங்கள்.