எட்டுச் சக்கர வண்டியும் ஓர் ஐரிஷ் சார்ஜன்ட்டும்

2017-ல் ஒரு வருஷம் கோலன் குன்றுகளில் வேலை பார்த்தேன். இந்திய ராணுவத்தின் ஈ.எம்.ஈ. பிரிவில் வண்டி மெக்கானிக், ஹவில்தார். அங்கே அண்டாஃப் என்று ஐ.நா. அமைதிப்படை ஒன்று இருக்கிறது. 1974-ல் இஸ்ரேலும் சிரியாவும் சண்டையை நிறுத்திய பிறகு, இரண்டு ராணுவத்துக்கும் நடுவில் விட்ட ஒரு பட்டை நிலத்தைப் பார்த்துக்கொள்ள வந்த படை. சுமார் 80 கிலோமீட்டர் நீளம், நடுவில் பத்து கிலோமீட்டர் அகலம், தெற்கே போகப் போகச் சுருங்கி ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அந்தப் படைக்குச் சோறு, தண்ணீர், டீசல், வண்டிப் பராமரிப்பு எல்லாம் பார்ப்பது இந்தியத் தளவாடப் பிரிவு. 2006-ல் கனடாக்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட வேலை, 2013-ல் ஜப்பான்காரர்கள் கிளம்பியதும் அவர்கள் பார்த்த போக்குவரத்தும் சேர்ந்துகொண்டது.

நாங்கள் இருந்த முகாமின் பெயர் ஸியுவானி. பக்கத்து வரிசையில் அயர்லாந்துக்காரர்கள், ஒரு கம்பெனி, சுமார் 130 பேர். எங்காவது யாராவது மாட்டிக்கொண்டால் உடனே கிளம்பிப் போய் மீட்டுக்கொண்டு வருவதுதான் அவர்கள் வேலை. முதல் நாள் பார்த்தபோது இவ்வளவு சின்னக் கூட்டமா என்றுதான் தோன்றியது. அப்புறம் விசாரித்தால் அவர்கள் நாட்டின் மொத்தப் படையே, தரைப்படை, கடற்படை, விமானப்படை எல்லாம் சேர்த்து, பத்தாயிரம் பேரைத் தொடவில்லை. நம்முடைய ஒரு டிவிஷன் அதைவிடப் பெரிசு. சண்டை விமானம் ஒன்றுகூட இல்லை, டாங்கி என்று சொல்ல வைத்திருந்த ஸ்கார்பியன்களையும் அந்த வருஷம்தான் கழித்துக்கட்டினார்கள். ஆனால் 1958-ல் லெபனானுக்கு ஐம்பது அதிகாரிகளைப் பார்வையாளர்களாக அனுப்பியதிலிருந்து இன்றுவரை, உலகத்தில் ஏதாவது ஒரு இடத்தில் ஐ.நா. கொடிக்குக் கீழே ஓர் ஐரிஷ்காரர் இல்லாத நாளே கிடையாது.

அவர்களுடைய வண்டி மோவாக் பிரான்ஹா. ஸ்விட்சர்லாந்துத் தயாரிப்பு, எட்டுச் சக்கரம், எட்டும் இழுக்கும், வெள்ளைப் பெயின்ட், பக்கவாட்டில் கறுப்பில் யூ.என். எழுத்து. அயர்லாந்திடம் மொத்தமே எண்பது வண்டிதான், 2001-லிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது. டிரைவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டு டயருக்கும் காற்றைக் கூட்டலாம், குறைக்கலாம். சேற்றில் இறங்கும்போது குறைத்துவிட்டுத் தார் ரோட்டில் ஏறியதும் நிரப்பிக்கொள்ளலாம். மெக்கானிக் கண்ணுக்கு அது ஒரு அழகான அமைப்பு, ஆனால் ஒவ்வொரு சக்கரத்துக்கும் குழாய், சீல், வால்வு என்று காற்று ஒழுகுவதற்கும் அத்தனை வழி இருக்கிறது.

பிப்ரவரியில் நல்ல பனி. ஒரு நாள் காலை அவர்களுடைய ஃபிட்டர் சார்ஜன்ட் எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் வந்து நின்றார். அவர்கள் கம்ப்ரஸர் குளிரில் மக்கர் செய்கிறது, கொஞ்ச நேரம் கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஏழாம் நம்பர் வண்டியில் மூன்றாவது அச்சின் இடது சக்கரம் ராத்திரியோடு ராத்திரி இறங்கிவிடுகிறதாம், டயர் மாற்றிப் பார்த்தும் நிற்கவில்லையாம். சரி, நானும் வருகிறேன் என்று கம்ப்ரஸரோடு ஒரு வாளியையும் எடுத்துக்கொண்டு போனேன். வாளியில் வெந்நீரும் பாத்திரம் கழுவும் சோப்பும். நம் ஊரில் சைக்கிள் கடைப் பையனுக்கும் தெரிந்த வித்தைதான். காற்றை ஏற்றிவிட்டு, பிரஷ்ஷால் சோப்புத் தண்ணியை ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே போனோம், அவர் உள்பக்கம், நான் வெளிப்பக்கம். கால் மணி நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் அவர் டார்ச்சை ஒரு இடத்தில் பிடித்துக்கொண்டு கையால் கூப்பிட்டார். ஹப்புக்குப் பின்னால் ஹோஸ் வளைகிற இடத்தில், கடுகு அளவில் ஒரு குமிழ் வருவதும் உடைவதுமாக இருந்தது. வளைவில் ரப்பர் உராய்ந்து, முடி மாதிரி ஒரு விரிசல்.

அந்த ஹோஸ் அங்கே இல்லை, அயர்லாந்திலிருந்து வர வேண்டும். அதுவரைக்கும் என்ன செய்வது? தற்காலிகமாக ஒன்றைப் பொருத்தினார், ஆனால் அதோடு விடவில்லை. மற்ற ஏழு சக்கரத்திலும் அதே வளைவைத் தடவிப் பார்த்தார், பிறகு அடுத்த வண்டி, அதற்கடுத்த வண்டி. இருட்டும்வரை நடந்தது. எங்களிடம் ஒரு வண்டி படுத்தால் இன்னொன்று வரும் என்கிற நினைப்பில் பதினைந்து வருஷம் வேலை பார்த்தவன் நான். அவருக்கு அந்த நினைப்பே கிடையாது. இங்கே ஒன்று படுத்தால் எண்பதில் ஒன்று படுத்ததாக அர்த்தம், உள்ளே உட்காரப் போகும் பத்துப் பேருக்கும் மாற்று வண்டி என்று ஒன்றும் கப்பலில் காத்திருக்கவில்லை. அன்றைக்கு முகாமில் நான் படித்துக்கொண்டது, எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் எனக்கு இந்த அளவுக்கு உறைக்கும்படி யாரும் சொல்லாதது.

அவர்களிடம் இருக்கிற எல்லாமே இப்படிப் பார்த்துப் பார்த்து வாங்கியதுதான். துப்பாக்கி ஆஸ்திரியாவின் ஸ்டெயர், டாங்கி எதிர்ப்பு ஏவுகணை அமெரிக்காவின் ஜாவலின், விமான எதிர்ப்புக்கு ஸ்வீடனின் ஆர்.பி.எஸ். 70, சின்னக் கவச வண்டி தென்னாப்பிரிக்காவின் ஆர்.ஜி. 32. சொந்தமாக ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்டேன். சார்ஜன்ட் டிமோனி என்று ஒரு பெயர் சொன்னார். எழுபதுகளில் அயர்லாந்திலேயே கவச வண்டி வடிவமைத்த நிறுவனம், சொந்த ராணுவம் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான் வாங்கியது, ஆனால் அவர்களுடைய வடிவமைப்பிலிருந்துதான் ஆஸ்திரேலியாவின் புஷ்மாஸ்டர் வந்தது. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது பெருமையா வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை.

எட்டுச் சக்கரம் எதற்கு என்பதற்கு முகாமில் எல்லோரும் சொல்கிற கதை 2013 நவம்பரில் நடந்தது. அவர்கள் வந்து இரண்டு மாதம்தான், ரோந்து போன வண்டிகள் மீது சுட்டிருக்கிறார்கள், ஒரு மோவாக் கண்ணிவெடியில் ஏறிவிட்டது. உள்ளே இருந்த யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மறு வருஷம் ஆகஸ்டில் இன்னும் பெரிசு. சிரியாவில் அப்போது சண்டை போட்டுக்கொண்டிருந்த அல் நுஸ்ரா என்ற ஆயுதக் குழுவின் ஆட்கள் ஃபிஜி வீரர்கள் 45 பேரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள், பிலிப்பைன்ஸ் வீரர்கள் இருந்த இரண்டு காவல் நிலைகளைச் சுற்றி வளைத்துவிட்டார்கள். அப்போது படைத் தளபதியாக இருந்தவர் நம் நாட்டு லெப்டினன்ட் ஜெனரல் இக்பால் சிங் சிங்கா. அதில் ஒரு நிலைக்கு ஐரிஷ் மோவாக்குகள் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பின. இன்னொரு நிலையில் இருந்தவர்கள் ராத்திரி இருட்டில் நடந்தே தப்பித்தார்கள், ஃபிஜிக்காரர்கள் செப்டம்பரில் விடுதலையானார்கள். அந்த ரோட்டில் போய் வந்த வண்டியா என்று தெரியாது, ஆனால் மோவாக்கின் வயிற்றுக்கு அடியில் மல்லாந்து கிடந்து நட்டு முறுக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும்.

நாலு மணிக்கு டீ. ஐரிஷ்காரர்கள் நம்மைப் போலவே டீ குடிக்கிறவர்கள், கெட்டியாக, பால் ஊற்றி. எங்கள் இஞ்சி டீ பழகிய பிறகு சார்ஜன்ட் தினமும் வந்துவிடுவார். அப்படி ஒரு நாள்தான் காங்கோ பற்றிப் பேச்சு வந்தது. 1960-ல் ஐ.நா. படையில் அங்கே போன ஐரிஷ்காரர்கள் கம்பளி யூனிஃபார்மோடு போய் இறங்கியிருக்கிறார்கள், பூமத்திய ரேகைப் பக்கத்தில், கையில் பழைய லீ என்ஃபீல்ட் துப்பாக்கி. 1961 செப்டம்பரில் ஜடோவில் என்கிற ஊரில் கமாண்டன்ட் பேட் குயின்லன் தலைமையில் சுமார் 155 பேரை, காங்கோவிலிருந்து பிரிந்துபோன கட்டாங்கா மாகாணத்தின் பல மடங்கு பெரிய படை சூழ்ந்துகொண்டது. ஐந்து நாள் தாக்குப்பிடித்தார்கள், ஒருவர்கூடச் சாகவில்லை, தோட்டாவும் தண்ணீரும் தீர்ந்த பிறகுதான் சரணடைந்தார்கள். அவர்களை மீட்கக் கிளம்பிய அணியில் நம் கூர்க்காக்களும் இருந்தார்கள், லுஃபிரா ஆற்றுப் பாலத்தைத் தாண்ட முடியவில்லை. கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியா அதே கட்டாங்காவில் அந்த டிசம்பரில் உயிரைக் கொடுத்துப் பரம் வீர் சக்ரா வாங்கியது எங்களுக்குப் பாடம். பாலத்துக் கதையை நான் கேட்டது ஓர் ஐரிஷ்காரர் வாயிலிருந்து.

ஆனால் என்னை உலுக்கியது வேறு. முற்றுகைக்கு நடுவில் ஒரு ஹெலிகாப்டர் உயிரைப் பணயம் வைத்துத் தண்ணீர் கொண்டுவந்து இறக்கியது. அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியவில்லை, ஏனென்றால் ஜெர்ரிகேன்களில் முன்பு பெட்ரோல் இருந்திருக்கிறது. எங்கோ ஒரு கிடங்கில் யாரோ ஒருவர் கேனைக் கழுவவில்லை. எங்கள் பிரிவின் வேலையே தண்ணீரும் டீசலும் கொண்டுபோய்க் கொடுப்பது. மறுநாள் நான் கிடங்கில் போய், தண்ணீர்க் கேன்களின் மூடியை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்த்தேன். யாரும் சொல்லாமல் வாரம் ஒரு முறை அதைச் செய்தேன், கிளம்புகிறவரைக்கும்.

ஜடோவிலிலிருந்து திரும்பியவர்களை ஊரில் கோழைகள் என்று பேசியிருக்கிறார்கள், குயின்லன் 1997-ல் இறக்கும்வரை அது மாறவில்லை. நான் கோலனில் இருந்த அந்த 2017 டிசம்பரில்தான் ஆத்லோனில் வைத்து உயிரோடிருந்தவர்களுக்கும் மற்றவர்களின் குடும்பங்களுக்கும் தனிப் பதக்கம் கொடுத்தார்கள். சார்ஜன்ட் ஃபோனில் படம் காட்டினார், எல்லாம் எண்பதை நெருங்கிய கிழவர்கள், நெஞ்சை நிமிர்த்தி நிற்கிறார்கள்.

பதக்க அணிவகுப்பு எங்கள் முகாமிலும் உண்டு, தொண்ணூறு நாள் முடித்தால் ஐ.நா. பதக்கம். ஐரிஷ்காரர்களுக்கு அணிவகுப்புக் கட்டளை எல்லாம் ஐரிஷ் மொழியில். வீட்டில் அதைப் பேசுகிறவர்கள் அந்த நாட்டிலேயே ரொம்பக் குறைவு, மற்ற நேரம் முழுக்க ஆங்கிலம்தான், ஆனால் மைதானத்தில் மட்டும் விடவில்லை. பதினெட்டு வயசில் சாவ்தான், விஷ்ராம் என்று இந்தியில் கேட்டு நிமிரக் கற்றுக்கொண்ட எனக்கு அந்தக் குரலைக் கேட்டதும் தொண்டை அடைத்தது. அவர்கள் போர்க்கப்பல்களுக்கு எழுத்தாளர்கள் பெயர், ஜேம்ஸ் ஜாய்ஸ், சாமுவேல் பெக்கெட் என்று. அதைச் சொன்னபோதும் அப்படித்தான் இருந்தது.

இரும்புக்குப் பணம் கொடுத்தால் கிடைத்துவிடும். கடுகளவு குமிழைக் கண்டுபிடிக்கிற கண்ணுக்கு வருஷக்கணக்காகும். அயர்லாந்து இப்போது தவிப்பது அதற்குத்தான். தனியார் கம்பெனி சம்பளத்துக்கு முன்னால் நிற்க முடியாமல் ஃபிட்டர்களும் எலக்ட்ரீஷியன்களும் போய்க்கொண்டே இருக்கிறார்கள், 2023-ல் ஆள் இல்லாமல் இரண்டு ரோந்துக் கப்பல்களைத் துறையில் கட்டிப்போட்டார்கள். அதற்கு முந்தின வருஷம் ஓர் ஆணையம் அறிக்கை கொடுத்து, ராணுவச் செலவை வருஷம் 150 கோடி யூரோவுக்கு உயர்த்துவதாக அரசும் ஒத்துக்கொண்டது. நல்லதுதான், ஆனால் அந்தப் பணத்தில் முதல் பங்கு ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறவனுக்குப் போக வேண்டும் என்று நான் நினைக்கிறேன். புது வண்டி அப்புறம் வரட்டும்.

2024-ல் அயர்லாந்து கோலனை விட்டுக் கிளம்பியது. லெபனானையும் ஐரோப்பிய ஒன்றியப் படைப் பொறுப்பையும் சேர்த்துப் பார்க்க ஆள் போதவில்லை. அவர்கள் இடத்துக்குக் கஜகஸ்தான் வந்தது. செய்தியைப் பார்த்த அன்றைக்கு நான் காட்பாடியில் என் ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன், ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகியிருந்தது. சார்ஜன்ட்டுக்கு வாட்ஸப்பில் எழுதினேன், ஏழாம் நம்பர் வண்டி ஊருக்கு வந்துவிட்டதா என்று. ராத்திரி பதில் வந்தது. அவர் 2019-லேயே வேலையை விட்டுவிட்டாராம், இப்போது ஒரு பால் கம்பெனியில் லாரிகளைப் பார்த்துக்கொள்கிறார். வண்டியைப் பற்றித் தெரியாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது, அந்த ஹோஸை மாற்றினார்களா என்று யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறேன் என்று.