இருட்டறையில் திருத்திய படங்கள்

கணினி வந்த பிறகுதான் புகைப்படங்கள் பொய் சொல்லத் தொடங்கின என்று யாரேனும் சொல்லும்போது, படம் அச்சிடும் இருட்டறையில், சிவப்பு விளக்கின் மங்கிய ஒளியில் மணிக்கணக்கில் நின்ற எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

1850-களில் புழங்கிய கண்ணாடி நெகட்டிவ்கள் (ஒளியும் நிழலும் தலைகீழாகப் பதியும் மூலப்படங்கள்) நீல ஒளியை மிகுதியாக ஈர்த்ததால், கடல் தெளிவாக விழும் அளவுக்கு ஒளியூட்டினால் வானம் வெறும் வெள்ளையாகிவிடும். ஆகவே பிரெஞ்சுக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே, கடலுக்கு ஒன்று, மேகத்துக்கு ஒன்று என எடுத்த இரு நெகட்டிவ்களை ஒரே தாளில் அச்சிட்டார். 1857-இல் புகைப்படக் கலைஞர் ஆஸ்கர் ரெய்லாண்டர் 30-க்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை இணைத்து ஒரே காட்சியை உருவாக்கினார்.

நான் செய்தவை மிகச் சிறியவை. மெல்லிய கம்பியின் முனையில் காசளவு அட்டை வட்டத்தை ஒட்டி, என்லார்ஜரின் (நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் வீழ்த்தும் கருவியின்) ஒளி தாளில் விழும்போது, கறுத்துப்போகவிருந்த முகத்துக்கு மேலே சில வினாடிகள் பிடிப்பேன். ஒளி படப்பட அந்தத் தாள் கறுக்கும்; நிழல் பட்ட இடம் வெளுக்கும். அட்டையை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கை ஒரு கணம் அசையாமல் நின்றுவிட்டால் தலையைச் சுற்றி வெளிறிய வட்டம் விழுந்து, சாதாரண மனிதர் மகானாகிவிடுவார். (அப்படி இருவரை நானே மகான்களாக்கியிருக்கிறேன்.) டெவலப்பர் (உருவத்தை வெளிக்கொணரும் ரசாயனக் கரைசல்) தட்டில் உருவம் மெல்ல எழும்வரை அந்தத் தவறு கண்ணுக்குத் தெரியாது. வானத்தைக் கருமையாக்க இதற்கு நேர்மாறாக, துளையிட்ட அட்டையின் வழியே கூடுதல் ஒளி பாய்ச்சுவேன்.

வினாடிக் கணக்கைக் குறித்துவைத்துப் பின்பற்றியும், ஒரே நெகட்டிவிலிருந்து நான் திருத்தி எடுத்த இரு பிரதிகள் முற்றிலும் ஒத்திருந்ததே இல்லை.