மேசை மேல் கட்டிய இறக்கை

ரேடியோவால் இயங்கும் மாதிரி விமானம் வாங்க நினைப்பவர்களுக்கு, பெட்டியைத் திறந்து இறக்கையை இரண்டு திருகுகளால் இறுக்கி அன்று மாலையே பறக்கவிடக்கூடிய நுரை விமானங்கள் இன்று தாராளமாகக் கிடைக்கின்றன. அவை நல்ல விமானங்கள்தான். பறக்கக் கற்றுக்கொள்ளும் ஒருவருக்கு நானே அவற்றைப் பரிந்துரைப்பேன். ஆனால் பால்சா மரத்துண்டுகளும் ஒரு வரைபடமும் மட்டுமே உள்ள கிட்டைப் பிரித்து, இறக்கையின் விலா எலும்பு போன்ற குறுக்குத் தகடுகளான ரிப்புகளை ஒவ்வொன்றாக ஒட்டிக் கட்டுகிறவருக்கு, அந்த விமானம் ஏன் நேராகப் பறக்கிறது, ஏன் இடப்பக்கம் சாய்கிறது, வேகம் குறைந்தால் ஏன் மூக்கைக் கவிழ்க்கிறது என்பதெல்லாம் கைவழியாகவே தெரிந்துவிடும். விமானத்தின் குணம் மைதானத்தில் உருவாவதில்லை, கட்டும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது என்பது இந்தக் கிட்டைக் கட்டியபோது எனக்கு உறுதியானது.

நான் எடுத்துக்கொண்டது உயர்ந்த இறக்கை கொண்ட ஒரு பயிற்சி விமானம். இறக்கையின் நீளம் நுனிக்கு நுனி 1200 மில்லிமீட்டர், அகலம் 200 மில்லிமீட்டர். இறக்கையின் பின்விளிம்பில் அசைந்து விமானத்தைச் சாய்க்கும் ஏலரான் கிடையாது; மோட்டார், மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர், மூக்கைப் பக்கவாட்டில் திருப்பும் ரட்டர் ஆகிய மூன்று சானல்கள், அதாவது ரேடியோவால் இயக்கும் மூன்று கட்டுப்பாடுகள் மட்டுமே. லேசரால் வெட்டிய தகடுகளும் நீளச் சட்டங்களும் சில பிளைவுட் துண்டுகளும் முழு அளவு வரைபடமும் பெட்டியில் இருந்தன. மோட்டார், வால் பாகங்களை அசைக்கும் சர்வோ, ரேடியோ கட்டளையைப் பெறும் ரிசீவர், பேட்டரி ஆகியவற்றைத் தனியாக வாங்க வேண்டும்.

பால்சாவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். தென் அமெரிக்காவின், குறிப்பாக ஈக்வடாரின், வெப்பக் காடுகளில் மிக வேகமாக வளரும் மரம் இது. நட்ட ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் வெட்டுக்கு வந்துவிடும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் பறக்கவிட்ட மாஸ்கிட்டோ விமானத்தின் உடல், இரண்டு பிர்ச் பிளைவுட் அடுக்குகளுக்கு நடுவே பால்சாவை வைத்து ஒட்டிய சுவர்களால் ஆனது. எடைக்கேற்ற உறுதி என்று பார்த்தால் இதற்கு ஈடான மரம் எளிதில் கிடைக்காது. ஆனால் எல்லாப் பால்சாவும் ஒன்றல்ல. ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ எடையுள்ள மென்மையான மரமும் உண்டு, 200 கிலோவைத் தாண்டும் கெட்டியான மரமும் உண்டு. ஒன்றரை மில்லிமீட்டர் தடிமனும் 75 மில்லிமீட்டர் அகலமும் 900 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட இரண்டு தகடுகளை நகைக்கடைத் தராசு போன்ற சிறிய மின்னணுத் தராசில் வைத்தால், ஒன்று 10 கிராம் காட்டும், அடுத்தது 20 கிராம் காட்டும். கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால் பெட்டியைப் பிரித்ததும் பசைக் குப்பியைத் தொடாமல், எல்லாத் தகடுகளையும் எடை போட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன். இலேசானவை வாலுக்கும் இறக்கை நுனிக்கும் போயின. கெட்டியானவை இறக்கையின் நடுப்பகுதிக்கும் மூக்குக்கும் வந்தன.

வாலுக்கு ஏன் இவ்வளவு கரிசனம் என்றால், கணக்கு மிக எளிது. இந்த விமானத்தில் ஈர்ப்பு மையத்திலிருந்து வால் ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் பின்னால் இருக்கிறது. மோட்டார் 200 மில்லிமீட்டர்தான் முன்னால் இருக்கிறது. வாலில் ஒரு கிராம் கூடினால், அதைச் சமன்செய்ய மூக்கில் மூன்று கிராம் சேர்த்தாக வேண்டும், மொத்தத்தில் நான்கு கிராம் கூடிவிடும். வாலில் தாராளமாக விட்ட பசைகூட இந்தக் கணக்கில் வந்து நிற்கும்.

மைதானத்தில் பல காலமாகப் பறக்கவிடும் பெரியவர் ஒருவரிடம் கிட் வாங்கியதைச் சொன்னபோது, "தம்பி, தட்டையா ஒரு பலகை கிடைக்கிற வரைக்கும் பெட்டியைப் பிரிக்காதீங்க" என்றார். எங்கள் வீட்டில் இருந்த சாப்பாட்டு மேசையை நூல் பிடித்துப் பார்த்தபோது நடுவில் குழிந்திருப்பது தெரிந்தது. மரக்கடையில் குறைந்த விலைக்குக் கிடைத்த ஃபிளஷ் கதவு ஒன்றை வாங்கி, ரசமட்டம் வைத்து நான்கு மூலைகளுக்கும் அட்டை கொடுத்துச் சரிசெய்து, அதன்மேல் குண்டூசி இறங்கக்கூடிய சாஃப்ட் போர்டை விரித்தேன். வரைபடத்தை அதன்மேல் ஒட்டி, பசை படாதபடி ஒரு கண்ணாடித்தாளால் மூடினேன். இறக்கை எவ்வளவு நேராக வரும் என்பது, இந்தப் பலகை எவ்வளவு நேராக இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

இறக்கை கட்டும் வேலை மிகுந்த நிறைவு தருவது. இறக்கையின் நீளத்துக்கு ஓடும் முதன்மைச் சட்டங்களான ஸ்பார்களில் கீழ் ஸ்பாரை வரைபடத்தின் கோட்டின்மேல் படுக்கவைத்து இருபுறமும் குண்டூசிகளால் நிறுத்த வேண்டும். மரத்தின் ஊடே ஊசியைக் குத்தினால் அங்கே பலம் குறையும் என்பதால், ஊசிகளைக் குறுக்காகச் சாய்த்துக் குத்துவது நல்லது. அதன்மேல் ரிப்புகளை ஒவ்வொன்றாகப் பள்ளத்தில் பொருத்தி, மூலைமட்டத்தால் செங்குத்தாக இருக்கிறதா என்று பார்த்து, பின்னர்தான் பசை விட வேண்டும். நடுவில் உள்ள ரிப் மட்டும், இறக்கையின் இரண்டு பாதிகளும் நுனிகள் உயரும்படி சேர்வதால், சற்றுச் சாய்வாக நிற்கும். அந்தச் சாய்வுக்கான அட்டை அளவுகோல் கிட்டிலேயே இருந்தது. மேல் ஸ்பார், முன்விளிம்பு, பின்விளிம்பு என்று சேரச் சேர, கையில் எடுத்தால் நெளிந்துகொண்டிருந்த சட்டம் விறைப்படைவதை விரல்களால் உணரலாம். இரண்டு ஸ்பார்களுக்கும் நடுவே, நார் செங்குத்தாக ஓடும்படி சிறிய பால்சாத் தகடுகளை ஒட்டியதும், வளைக்க முயன்றாலும் இறக்கை அசைந்து கொடுப்பதில்லை. மேல் ஸ்பார் அழுத்தத்தையும் கீழ் ஸ்பார் இழுவையையும் தாங்குகின்றன. அவை ஒன்றை விட்டு ஒன்று வழுவாமல் பிடித்திருப்பவை இந்தச் சிறு தகடுகளே.

பசையில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. நொடியில் ஒட்டும் சயனோஅக்ரிலேட் பசையை இப்போது பலரும் எல்லா இடத்துக்கும் பயன்படுத்துகிறார்கள். வேகமானது என்பதில் சந்தேகமில்லை; ஆனால் ரிப் அரை மில்லிமீட்டர் விலகியிருந்தால் நகர்த்துவதற்கு அது இடம் கொடுக்காது, அதன் ஆவியும் கண்ணையும் மூக்கையும் எரிக்கும். மரத்தோடு மரம் சேரும் இடங்களுக்கு ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையே எனக்குப் பிடித்தது. அது காய ஓர் இரவு ஆகும். அந்த ஓர் இரவு இறக்கை ஊசிகளுக்கு நடுவே அசையாமல் கிடப்பதே அதற்கு நல்லது. மோட்டார் பொருந்தும் பிளைவுட் தகடு, இறக்கையின் இரண்டு பாதிகள் சேரும் மூட்டு ஆகிய இரண்டு இடங்களுக்கு மட்டும் 30 நிமிடத்தில் இறுகும் எபாக்ஸிப் பசையை வைத்தேன்.

இரண்டு பாதிகளையும் சேர்க்கும்போது, ஒரு பாதியைப் பலகையோடு படுக்கவைத்து, மற்றதன் நுனியை 100 மில்லிமீட்டர் உயர்த்தி நிறுத்த வேண்டும். இது பக்கத்துக்கு ஏறத்தாழ ஐந்து பாகை மேல்நோக்கிய சாய்வைத் தருகிறது. ஏலரான் இல்லாத விமானம் இந்தச் சாய்வால்தான் திரும்புகிறது. ரட்டரை வலப்பக்கம் திருப்பினால் மூக்கு வலப்பக்கம் திரும்பும். அப்போது இடது இறக்கை காற்றை அதிகக் கோணத்தில் சந்தித்துக் கூடுதல் தூக்குவிசை பெறுவதால், விமானம் தானாகவே வலப்பக்கம் சரிந்து வளைவில் நுழைகிறது. கட்டுப்பாட்டை விட்டுவிட்டால் அதே சாய்வு விமானத்தைச் சமநிலைக்குக் கொண்டுவரப் பார்க்கும்.

உடற்பகுதி எளிமையான பெட்டி அமைப்பு. பக்கத்தகடுகளும் குறுக்குச் சட்டங்களும் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திக்கொள்கின்றன. மோட்டார் தகட்டின் சாய்வில் மட்டும் கவனம் வேண்டும். வரைபடம் அதைக் கீழ்நோக்கி மூன்று பாகையும் வலப்பக்கம் இரண்டு பாகையும் திருப்பச் சொன்னது. இறக்கை மேலே இருப்பதால், மோட்டாரின் வேகம் கூடும்போது மூக்கு மேலேறப் பார்க்கும். ப்ரொப்பெல்லர் சுழலும் எதிர்வினையோ விமானத்தை இடப்பக்கம் இழுக்கும். இரண்டையும் இந்தச் சாய்வு ஓரளவு ஈடுசெய்கிறது. கோணலாக ஒட்டப்பட்டதோ என்று புதிதாகப் பார்ப்பவருக்குத் தோன்றினாலும், இருக்க வேண்டிய கோணல் அது.

சட்டம் முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து, ஈரத்துணியால் தூசி துடைத்தபின் பிளாஸ்டிக் ஃபிலிம் போர்த்த வேண்டும். வெப்பத்தால் ஒட்டிச் சுருங்கும் இந்தத் தாளுக்குச் சிறிய இஸ்திரிப் பெட்டி போதும். ஓரங்களைக் குறைந்த சூட்டில் ஒட்டிவிட்டு, பின்னர் சூட்டைக் கூட்டி நடுப்பகுதியை இழுக்க வேண்டும். முதலில் அடிப்பக்கம், பிறகு மேல்பக்கம். மேல் தாள் கீழ்த் தாளின்மேல் ஏறி மடிந்தால் இணைப்பு கண்ணில் படாது. ஒரு பக்கத்தை மட்டும் முழுவதும் இழுத்துவிட்டால் இறக்கையே முறுக்கிக்கொள்ளும் என்பதால், மேலும் கீழும் மாறி மாறிச் சிறிது சிறிதாக இழுக்க வேண்டும். சென்னைக் காற்றின் ஈரத்தில் பால்சா தண்ணீரை வாங்கி உப்பும், வெயிலில் சுருங்கும்; அதனால் மழை நாட்களில் நான் ஃபிலிம் வேலையைத் தொடுவதில்லை.

போர்த்தி முடிந்தபின் இறக்கையைப் பின்னாலிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். இடது நுனியின் பின்விளிம்பு, நடுப்பகுதியோடு ஒப்பிட்டால், மூன்று மில்லிமீட்டர் கீழே இறங்கியிருந்தது. 200 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ ஒரு பாகை. அந்த ஒரு பாகை, அந்தப் பக்கத்துக்கு எப்போதும் கூடுதல் தூக்குவிசையைத் தந்து விமானத்தை வலப்பக்கம் சாய்க்கும். வேகம் குறையும்போதோ அதே நுனி முதலில் தூக்குவிசையை இழந்து, தரையிறங்கும் நேரத்தில் இடது இறக்கை திடீரென்று விழும். அக்கா மகன் இறக்கையின் நடுப்பகுதியைப் பிடித்துக்கொள்ள, நான் நுனியை எதிர்ப்பக்கம் முறுக்கி, மற்றொரு கையால் சூட்டுக்காற்றைத் தாள்மேல் ஓட்டினேன். தாளில் விழுந்த சுருக்கங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஆறும் வரை முறுக்கை விடாமல் வைத்திருந்தோம். இரண்டு நுனிகளின் பின்விளிம்பும் இரண்டு மில்லிமீட்டர் மேலே தூக்கி நிற்கும்படி வந்ததும் நிறுத்தினேன். நுனிகள் சற்றுக் குறைந்த கோணத்தில் இருந்தால், வேகம் குறையும்போது நடுப்பகுதியே முதலில் தூக்குவிசையை இழக்கும். நுனிகள் கடைசி வரை தாங்கிப் பிடிக்கும்.

மின்னணுப் பகுதியில் சொல்வதற்கு அதிகமில்லை. 2212 அளவுள்ள 1000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 1000 சுற்று) பிரஷ்லெஸ் மோட்டார், 10 அங்குல ப்ரொப்பெல்லர், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் ஈஎஸ்சி, ஒன்பது கிராம் சர்வோக்கள் இரண்டு, மூன்று செல் கொண்ட 1300 மில்லி ஆம்பியர்-மணி லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. சர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து நடுநிலைக்கு வந்தபின்தான் அதன் கை போன்ற நெம்புகோலைத் திருகால் பொருத்த வேண்டும். இந்தச் சோதனைகள் நடக்கும் வரை ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்திருப்பது கட்டாயம். விரலை இழக்க ஒரு நொடி போதும். டிரான்ஸ்மிட்டரை அணைத்தால் மோட்டார் தானாக நிற்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். 1937-இல் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் "கஃப்" என்ற விமானத்தை ரேடியோவால் பறக்கவிட்டபோது, வெற்றிடக் குழாய்களையும் கனமான பேட்டரிகளையும் அது சுமக்க வேண்டியிருந்தது. அந்த விமானம் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. என் ரிசீவரின் எடை பத்து கிராமுக்கும் குறைவு.

முழுவதும் முடிந்தபோது எடை 780 கிராம். இறக்கைப் பரப்பு 24 சதுர டெசிமீட்டர் என்பதால், ஒரு சதுர டெசிமீட்டருக்கு 32.5 கிராம்தான் சுமை. பயிற்சி விமானத்துக்கு இது நிதானமான அளவு. ஈர்ப்பு மையம் முன்விளிம்பிலிருந்து 60 மில்லிமீட்டர் பின்னால், அதாவது அகலத்தில் 30 சதவீதத்தில் இருக்க வேண்டும். இறக்கையின் அடியில் அந்த இடத்தைப் பென்சிலால் குறித்து, இரண்டு விரல் நுனிகளில் விமானத்தைத் தூக்கினேன். வால் மெதுவாக இறங்கியது. பேட்டரியை 15 மில்லிமீட்டர் முன்னால் தள்ளியதும் சமமாக நின்றது. மூக்கில் ஈயம் சேர்க்கத் தேவைப்படவில்லை.

பறக்கவிடும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021-ஆம் ஆண்டின் டிரோன் விதிகள், பொழுதுபோக்குக்காகக் கண்பார்வைக்குள் பறக்கவிடும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாதிரி விமானங்களையும் தனி வகையாகக் குறிப்பிடுகின்றன. சென்னையைச் சுற்றி மீனம்பாக்கமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருப்பதால், எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வரைபடத்தைப் பார்க்காமல் எந்த ஏரிப்படுகையையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. செங்கல்பட்டைத் தாண்டி, அந்த வரைபடத்தில் முன் அனுமதி தேவையில்லாத பச்சைப் பகுதியில் இருந்த ஒரு காய்ந்த ஏரிக்குக் காலையிலேயே போனோம். வெயில் ஏறினால் தரைக்காற்று கொந்தளிக்கும்.

அக்கா மகன் காற்றுக்கு எதிரே நின்று, இறக்கையைச் சமமாகப் பிடித்து மெல்லத் தள்ளிவிட்டான். முக்கால் பங்கு வேகத்தில் விமானம் ஏறியது. மூக்கு நிமிரவும் இல்லை, தாழவும் இல்லை. லேசாக இடப்பக்கம் நகர்ந்ததை, டிரான்ஸ்மிட்டரில் ரட்டரின் நடுநிலையைச் சிறிது சிறிதாக நகர்த்தும் ட்ரிம்மில் மூன்று சொடுக்கு வலப்பக்கம் வைத்துச் சரிசெய்தேன். போதிய உயரத்துக்குப் போனபின் மோட்டாரை நிறுத்தி, எலிவேட்டரை மெதுவாக இழுத்து வேகத்தைக் குறைத்துப் பார்த்தேன். மூக்கு நேராகக் கீழே தாழ்ந்தது. எந்த இறக்கையும் விழவில்லை. அந்த முறுக்கை எடுக்க இருவருமாகச் சூட்டுக்காற்றோடு நின்றதற்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்கு வேண்டியதில்லை.

இரண்டாவது முறை ஏற்றுவதற்கு முன் ரட்டர் கம்பியின் நுனியில் நீளத்தைச் சரிசெய்ய உதவும் கிளெவிஸை இரண்டு சுற்றுத் திருகி, ட்ரிம்மை நடுநிலைக்குக் கொண்டுவந்தேன். இனி இதே உடற்பகுதிக்குப் பொருந்தும்படி, மேல்நோக்கிய சாய்வைப் பாதியாகக் குறைத்து ஏலரான் வைத்த இன்னோர் இறக்கையை வரையப் போகிறேன். அதற்கான பால்சாத் தகடுகளை எடை போட்டுப் பிரித்து வைத்தாகிவிட்டது.