குடம் சுமக்காத பெண்கள்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கிறேன். அப்பா தொடங்கிய கடை. வருகிற வேலையில் பெரும்பகுதி சாமி படம், கலியாணப் படம், பட்டமளிப்புப் படம், அப்புறம் அந்தியேட்டிக்கு முதல் அவசர அவசரமாகக் கொண்டுவரும் செத்தவர் படம். இவற்றுக்கு நடுவே அடிக்கடி என் மேசைக்கு வருகிற இன்னொரு கூட்டம் உண்டு. தலையில் குடத்தோடு வரிசையாகப் போகிற பெண்கள். கழுத்து நீளமாக இருக்கும். கண், வாய் இராது, மூக்குத்தி மட்டும் பெரிதாக இருக்கும். பின்னால் ஒரு செம்மஞ்சள் சூரியன், வசதி இருந்தால் ஒரு மாட்டுவண்டி.

"இந்தியன் ஃபோக் ஆர்ட் அண்ணை, கவனமாப் போடுங்கோ" என்று சொல்லித்தான் தருவார்கள். கலியாணச் சேலை எடுக்கச் சென்னை போனவர்கள் சூட்கேசில் சேலைக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவந்தவை சில. இங்கேயே கிரீன் பாத்தில் வாங்கியவை சில. நானும் கவனமாகத்தான் போட்டுக் கொடுக்கிறேன். காசு கொடுத்து வாங்கியவரிடம் போய் ரசனை பேசுவது கடைக்காரனுக்கு அழகல்ல. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அந்தப் பெண்கள் மேல் கோபம் ஒன்றுமில்லை. ஆனால் அவர்களை வரைந்தவர் யாரும் அவர்களைப் பார்த்து வரையவில்லை என்பது கோட்டிலேயே தெரியும். குடத்தைப் பிடிக்கிற கை குடத்தில் படாது. இடுப்பில் பாரம் இராது. ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படம், அதைப் பார்த்து இன்னொன்று.

பிழைப்புக்கு வரைகிறவரைக் குறை சொல்லவும் வாய் வராது. கிரீன் பாத் நடைபாதையில் படம் விற்கிற ஒருவர் என்னிடம் சட்டத்துக்கு மோல்டிங் வெட்ட வருவார். "சனம் முதலே பார்த்ததைத்தான் வாங்கும்" என்பார். உண்மைதான். இதில் ஒரு வேடிக்கை, அந்த வீதியின் பெயரே ஆனந்த குமாரசுவாமி மாவத்தை. 1877இல் கொழும்பில் பிறந்த முத்துக்குமாரசுவாமியின் மகன், கண்டிய கைவினைஞர்களைப் பற்றி 1908இலேயே பெரிய நூல் போட்டவர். ஊர்க் கைவேலையின் அருமையை இங்கிலீஷ் படித்தவர்களுக்கு எடுத்துச் சொல்லியே காலம் கழித்தவர். அவர் பெயர் வைத்த வீதியோரம்தான் ராஜஸ்தான் பக்கமே போகாத தூரிகைகள் ராஜஸ்தான் பெண்களை வரிசையில் நிறுத்துகின்றன. வருசா வருசம் கலா பொல என்கிற ஓவியச் சந்தை கூடுவதும் அதே வீதியில். ஓவியர் ஜோர்ஜ் கீற் பெயரில் உள்ள மன்றம் 1993இல் அதைத் தொடங்கியது. அங்கே நல்லதும் வரும், குடமும் வரும்.

சட்டம் போடுகிறவனுக்கு ஒரு வாய்ப்பு உண்டு. படம் சொந்தக்காரரிடம் திரும்பிப் போவதற்கு முன் சில நாட்கள் என் மேசையில் கண்ணாடி இல்லாமல் கிடக்கும். கண்ணாடி போட்ட பிறகு தெரியாத பலதும் அப்போது தெரியும். பீகார் மதுபனியிலிருந்து வந்த ஒரு படம் ஒருமுறை அப்படிக் கிடந்தது. கடதாசிக்குச் சாணக் கரைசல் பூசியிருந்தார்கள், அதனால் ஒரு மங்கல் பழுப்பு. தலையைக் குனிந்து பார்த்தால் ஓரக்கோடு ஒற்றைக் கோடு அல்ல. அருகருகே இரண்டு கோடுகள், நடுவில் மயிர்போல குறுக்குக் கீறல்கள். மீனின் செதிலும் அப்படி, சேலை மடிப்பும் அப்படி. வெறுமையாக விட்ட இடம் என்று பெருவிரல் வைக்கக்கூட இல்லை.

அது கோபர் படம். மதுபனி இருக்கிற மிதிலைப் பகுதியில் கலியாண வீட்டில் புதுமணத் தம்பதியின் அறைச் சுவரில் பெண்கள் எழுதுவது. தாமரைக் கொடி, அதை ஊடுருவி நிற்கும் தண்டு, மீன், ஆமை, கிளி. நான்கு மூலையிலும் நைனா ஜோகின் என்கிற பெண், முக்காட்டுக்குள்ளிருந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பாள். கண்ணூறு படாமல் காக்க அவள். சுவரில் எழுதியது சுவரோடு போகும், அடுத்த கலியாணத்துக்குப் புதிதாக எழுதுவார்கள். 1934 தை மாதம் பீகாரில் பெரிய பூமி நடுக்கம் வந்து வீடுகள் பிளந்தபோதுதான், இடிபாடு பார்க்கப் போன ஆர்ச்சர் என்கிற வெள்ளைக்கார அதிகாரி இந்த உள்சுவர்களைக் கண்டார். கடதாசிக்கு வந்தது இன்னும் பிந்தி. 1960களின் நடுவில் கடும் வறட்சி வந்தபோது, பெண்களுக்கு ஒரு வருமானமாக இருக்கட்டும் என்று அகில இந்தியக் கைவினை வாரியம் கடதாசி கொடுத்து வரையச் சொன்னது. ஆக, பழமை பழமை என்று நாம் வாங்கி மாட்டுகிற மதுபனிக் கடதாசிக்கு வயது என் அக்காவின் வயதுதான்.

கடதாசி வந்தபின் அந்தப் பெண்கள் என்ன வரைந்தார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம். கங்கா தேவி என்று ஒருவர், 1928இல் பிறந்து 1991இல் இறந்தவர். 1980களில் இந்திய விழாவுக்காக அமெரிக்கா போனார். திரும்பி வந்து ராதா கிருஷ்ணரை மட்டும் வரைந்துகொண்டு இருக்கவில்லை. அங்கே பார்த்த ரோலர் கோஸ்டரை வரைந்தார், அதே இரட்டைக் கோட்டில், அதே குறுக்குக் கீறலில். பிறகு புற்றுநோய் வந்து டெல்லியில் சிகிச்சை எடுத்தார். அந்த ஆஸ்பத்திரி நாட்களையும் ஒரு படத் தொடராக வரைந்தார். டெல்லி கைவினை அருங்காட்சியகத்தில் அவர் எழுதிய கோபர் சுவர், அவர் இறந்து நெடுநாளுக்குப் பிறகு புதுப்பிக்கிறோம் என்று செய்த வேலையில் அழிந்துபோனது. சுவரோடு போவது அந்தக் கலைக்குப் பழக்கம் என்றாலும் இது வேறு மாதிரியான போக்கு. வாசித்தபோது வயிறு எரிந்தது.

மத்தியப் பிரதேசத்துக் கோண்டுப் பழங்குடி ஓவியர் பஜ்ஜு ஷியாமும் அப்படித்தான். முன்பு இராக் காவல் வேலை பார்த்தவர். லண்டனில் ஒரு சாப்பாட்டுக் கடைச் சுவர் வரையக் கூட்டிப் போனார்கள். ஊர் திரும்பி அவர் வரைந்த லண்டன் சென்னையில் 2004இல் புத்தகமாக வந்தது. அதில் பிக் பென் மணிக்கூட்டுக் கோபுரம் ஒரு சேவல். இரண்டும் நேரம் சொல்வதுதானே. பாதாள ரயில் ஒரு மண்புழு. 30ஆம் இலக்க பஸ் ஒரு நாய், நம்பிப் பின்னால் போகலாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். லண்டனில் இருக்கிற என் மைத்துனர் அனுப்பும் போட்டோக்களில் ஒரு நாளும் பார்க்காத லண்டன்.

இன்னும் பழைய கதை வேண்டுமா? கல்கத்தா காளிகாட் கோயிலடியில் யாத்திரை வருகிறவர்களுக்குப் பட்டுவர்கள் என்கிற பரம்பரை ஓவியர்கள் மலிவாக விற்ற படங்களைப் பாருங்கள். காளியும் சிவனும் இருப்பார்கள். கூடவே, வாயில் மீனைக் கவ்விக்கொண்டு நெற்றியில் நாமம் போட்ட பூனை இருக்கும், போலிச் சாமியாருக்கு ஒரு குத்து. 1873இல் தாரகேசுவரம் கோயில் தலைவரான மகந்துக்கும் எலோகேசி என்ற பெண்ணுக்கும் இருந்த தொடர்பு தெரிந்து, புருசன் அவளை வெட்டிக் கொன்றான். வங்காளமே அந்த வழக்கைப் பேசியது. பட்டுவர்கள் அதையும் விடவில்லை, கட்டம் கட்டமாக வரைந்து விற்றார்கள். அன்றைய பேப்பர்ச் செய்தி, நீலமும் சிவப்புமாக, சில காசுக்கு. பிற்பாடு வங்காள ஓவியர் ஜாமினி ராய் எண்ணெய் வண்ணத்தில் உருவப்படம் வரைவதை விட்டு இந்தப் பட்டுவர் பக்கம் வந்தார். அவர் வீட்டுப் பட்டறையில் ஒரே படத்தைப் பல பிரதி எடுத்து மலிவாகக் கொடுத்தார். ஆகவே பிரதி எடுப்பதே குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. எதைப் பிரதி எடுக்கிறோம் என்பதில்தான் எனக்குப் பேச்சு. மேலே மினுக்கத்தை எடுத்துக்கொள்கிறோம், கண் முன்னால் இருப்பதை வரைகிற துணிவை அங்கேயே விட்டுவிட்டு வருகிறோம். பொரளை கோதமி விகாரைக்குப் போய், 1939, 40இல் ஜோர்ஜ் கீற் எழுதிய சுவர்களைப் பார்த்தால், இந்தியக் கோட்டை ஒருவர் வாங்கித் தன் கையாக்குவது எப்படி என்று தெரியும். அனுமதிச் சீட்டும் இல்லை, ஒரு ஞாயிறு போகலாம்.

வெள்ளவத்தையில் ஒரு ரீச்சர் இருக்கிறா. ஓய்வுபெற்றவர். 2020 ஊரடங்கில் பொழுது போகாமல் யூடியூப்பைப் பார்த்து மதுபனி பழகினவ. முதலில் எல்லாரையும்போல மயில் வரைந்தா, மீன் வரைந்தா. நானும் சட்டம் போட்டுக் கொடுத்தேன். பிறகு ஒரு நாள் சுருளை விரித்துவிட்டு ஒன்றும் பேசாமல் கதிரையில் இருந்தா.

நடுவில் ஒரு பெண் சப்பணம் கட்டி இருந்து இடியப்பம் பிழிகிறாள். பக்கத்தில் திருவலை, நீத்துப்பெட்டி, பாதித் தேங்காய். தட்டில் விழுகிற இடியப்பத்தின் ஒவ்வொரு இழையும் அந்த மதுபனிக் குறுக்குக் கீறல்தான். அந்தக் கீறல் இதற்காகவே பிறந்ததுபோல் சுற்றிச் சுற்றி விழுந்திருந்தது. தாமரைக் கொடியைத் தண்டு ஊடுருவும் இடத்தில் பிளாட் வீட்டு லிப்ட், மேலே தண்ணீர்த் தாங்கி, அதில் காகம். வலது ஓரம் முழுக்கக் கடல், கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே கோச்சி. நான்கு மூலையையும் பார்த்தேன். நான்கிலும் ஒவ்வொரு கதவு. ஒவ்வொரு கதவிலும் அந்தச் சின்னப் பார்வைத் துளை. துளைக்குள் ஒற்றைக் கண்.

"ஆர் ரீச்சர் இது?"

"மேல்மாடிச் சனம். ஆர் வருகினம் போகினம் எண்டு பார்க்கிறதுதானே வேலை. நைனா ஜோகினுக்கு எங்கட பிளாட்டில வேற ஆக்கள் தேவையில்லை."

அதற்குப் பிறகு வந்தது 2022 படம். சிலிண்டர் வரிசை. அந்த வருசம் கொழும்பில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: நீலமும் மஞ்சளுமாகச் சிலிண்டர்கள், ஒன்றோடொன்று சங்கிலியால் கட்டி வீதியோரம், உரியவர்கள் நிழலில். ரீச்சர் சிலிண்டர்களைக் குந்தியிருக்கிற பெண்களாகவே வரைந்திருந்தா. வால்வு கொண்டை, வளையம் தோடு, வயிற்றில் மீனும் பூவும். சங்கிலி ஒருத்தி கையிலிருந்து அடுத்தவள் கைக்குப் போகிறது. வரிசையின் முடிவில் கடை, கதவு பூட்டு. இதைக் கனடாவில் இருக்கிற மகனுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாவாம். "அம்மா, வடிவா ஒரு மயில் கீறி அனுப்புங்கோ, ஹோலில மாட்ட" என்று பதில் வந்ததாம்.

இப்படிப் படத்துக்குச் சட்டம் போடுகிறபோது நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். பொன்னிறப் பூவேலைச் சட்டம் வேண்டாம், ஏற்கெனவே உள்ளே அவ்வளவு வேலை இருக்கிறது. மெல்லிய கறுப்பு மோல்டிங் போதும். கண்ணாடி கடதாசியில் தொடக்கூடாது, நடுவில் மவுண்ட் அட்டை போட்டு இடைவெளி விட வேண்டும். இல்லாவிட்டால் கொழும்பு ஈரத்துக்கு நிறம் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும், சாணம் பூசிய கடதாசி என்றால் பூஞ்சணமும் பிடிக்கும். செலோடேப் கிட்டவே வரக்கூடாது. மெல்லிய தாளும் கோதுமை மாப் பசையும்தான், நாளைக்கு யாராவது கழற்ற வேண்டி வந்தால் தண்ணீரில் விடும். பின்பக்கம் பூச்சி நுழையாமல் முழுக்க அடைக்க வேண்டும். வெள்ளவத்தைக் கடற்கரைப் பக்கத்து வீடுகளில் வெளிச்சுவரில் மாட்டவே வேண்டாம், உப்புக் காற்று ஆணியைக்கூடத் தின்னும். இவ்வளவும் சொல்லி விலையைச் சொன்னால் ரீச்சருக்கு முகம் சுருங்கும். "சாமி படத்துக்கு இதில பாதிதானே எடுக்கிறீர்?" என்பா. சாமி படத்துக்கு மவுண்ட் யாரும் கேட்பதில்லை ரீச்சர் என்பேன்.

போன கிழமை வந்தவ, அடுத்ததாக ஆடிவேல் திருவிழாவைக் கீறப் போகிறாவாம். செட்டியார் தெருவிலிருந்து காலி வீதியால் வேல் தேர் வருகிறது, பின்னால் 100ஆம் இலக்க பஸ், அதற்குப் பின்னால் இன்னும் பஸ், எல்லாரும் ஹோர்ன் அடிக்கிறார்கள். தேரைச் சுலபமாகக் கீறலாம், ஹோர்ன் சத்தத்தை எப்படிக் கீறுவது என்றுதான் யோசனை என்றா. பஜ்ஜு ஷியாமின் நாயைப் பற்றிச் சொன்னேன். "குலைக்கிற நாய் எண்டா சரிதான்" என்று பென்சிலை எடுத்து என் பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கீறத் தொடங்கிவிட்டா. தேர் முழு நீளத்துக்கும் வேண்டுமாம், பெரிய கடதாசி எங்கே வாங்கலாம் என்று கேட்டா. சொன்னேன். நாலடிக்கு மேலே போனால் கண்ணாடி விலை ஏறும் என்பதையும் இப்போதே சொல்லி வைத்தேன், பிறகு கடையில் நின்று சண்டை பிடிக்கக் கூடாது.