பத்மினி காரின் முன்கண்ணாடியைக் கழற்றினேன்: ரப்பர் போனது, கண்ணாடி பிழைத்தது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் பலருடைய காருக்குள் தண்ணீர் கீழேயிருந்து ஏறியது. என் பழைய பிரீமியர் பத்மினிக்குள் மேலேயிருந்து இறங்கியது. திருவான்மியூரில் எங்கள் தெரு சற்று மேடு, சக்கரம் பாதிகூட முழுகவில்லை. ஆனால் ஓட்டுநர் பக்கத்து மிதியடியைத் தூக்கிப் பிழிந்தால் ஒரு சொம்பு தண்ணீர் வந்தது. அதன்பிறகும் மழைக்காலத்தைத் தார்ப்பாய் போட்டே சமாளித்தேன். சோம்பல்தான், வேறு காரணம் சொல்வதற்கில்லை.

கடைசியில் மே மாதத்தில் கை வைத்தேன். கத்திரி வெயிலில் யாராவது கார் வேலை பார்ப்பார்களா என்று வீட்டில் கேட்டார்கள். வெயிலுக்காகத்தான் அந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்தேன். முன்கண்ணாடியைச் சுற்றியுள்ள பழைய ரப்பர் சூட்டில் கொஞ்சமாவது இளகும். மார்கழிக் காலையில் அதே ரப்பர் விறகுக் கட்டை.

முதலில் ஒழுக்கு எங்கே என்று பார்க்க வேண்டியிருந்தது. உள்ளே கண்ணாடியின் ஓரத்தைத் துடைத்துக் காயவைத்து, சுற்றிலும் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். மைத்துனன் வெளியே குழாயைப் பிடித்தான். நான் டார்ச்சோடு உள்ளே குனிந்து உட்கார்ந்தேன். தண்ணீர் சொட்டியது கீழ் மூலையில். ஆனால் பவுடரில் விழுந்த கோடு மேலே, பக்கத் தூணின் நடுப்பகுதியிலிருந்தே தொடங்கியது. ரப்பருக்குள் இருக்கும் பள்ளம் ஒரு வாய்க்கால்போல. ஓரிடத்தில் புகுந்த தண்ணீர் அதன் வழியே ஓடி, இன்னோரிடத்தில் வெளியே வருகிறது. சொட்டும் இடத்தை மட்டும் அடைத்தால் பயனில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இந்த வகைக் கண்ணாடியைப் பசை எதுவும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கில எச் (H) எழுத்தைப் படுக்கவைத்ததுபோல ரப்பரில் இரண்டு பள்ளங்கள். ஒன்றில் கண்ணாடி, மற்றதில் காரின் தகட்டு விளிம்பு. இரண்டு உதடுகளும் கவ்விக்கொள்ளும் பலத்தில்தான் எல்லாம் நிற்கிறது. இப்போதைய கார்களில் கண்ணாடியை உடம்போடு ஒட்டியே விடுகிறார்கள். அது வீட்டில் தொடும் வேலை இல்லை.

கார் உதிரிபாகக் கடைகள் நிறைந்த புதுப்பேட்டைக்குப் போய், கண்ணாடியைச் சுற்றி வரும் புது பீடிங் ரப்பர் வாங்கினேன். கடைக்காரர் சொன்னது மனத்தில் நின்றுவிட்டது. "ரப்பர் எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் சார், கண்ணாடி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்." மும்பையின் கடைசி பத்மினி டாக்சியும் 2023 அக்டோபரில் சாலையை விட்டு இறங்கிவிட்டது. ஓடுகிற வண்டி குறையக் குறைய உதிரிபாகமும் குறையத்தானே செய்யும்? அத்தனையும் தெரிந்திருந்தும், வீட்டுக்கு வந்ததும் எனக்கு வேறொரு பேராசை பிறந்தது. புது ரப்பரின் உதடு பழையதைவிடச் சற்று மெலிதாகப் பட்டது. அசல் ரப்பரையே சேதமில்லாமல் எடுத்துவிட்டால் என்ன?

அரை நாள் அதில் போனது.

வைப்பர் கைகளைக் கழற்றினேன். டாஷ்போர்டின் மேல் பழைய போர்வையை விரித்தேன். ரப்பருக்குள் செருகியிருந்த பளபளப்பான உலோக பீடிங்கை ஸ்குரூ டிரைவரால் நெம்பினேன். இரண்டாவது நெம்பலில் அது வழுக்கி, பீடிங் ஓரிடத்தில் மடங்கியது. அந்த மடிப்பை எத்தனை நீவினாலும் வெளிச்சத்தில் ஒரு தழும்பு தெரிகிறது. ஒரு முனையை மட்டும் கிளப்பிவிட்டு, மீதியைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாக இழுத்திருக்க வேண்டும். ஸ்குரூ டிரைவரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, சமையலறையிலிருந்து மரக் கரண்டியை எடுத்துவந்தேன். அதன் தட்டையான காம்பு உலோகத்தையும் கீறாது, கண்ணாடியையும் தாக்காது.

முறை இதுதான்: உள்ளேயிருந்து மேல் மூலையில் தொடங்கி, ரப்பரின் உள் உதட்டைக் காம்பால் தகட்டு விளிம்புக்கு மேலே ஏற்றி வெளிப்பக்கமாகத் தள்ள வேண்டும். இடையிடையே சோப்புத் தண்ணீர். மண்ணெண்ணெய் ஊற்றச் சொல்பவர்கள் உண்டு, கேட்காதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். கொஞ்ச தூரம் உதடு விடுபட்டதும் மூலைக்கு அருகே உள்ளங்கையால் சீராக அழுத்தினால் கண்ணாடி ரப்பரோடு வெளியே நகரும். நடுவில் அழுத்தினால் விரிசல் விழும்.

புத்தகப்படி அப்படி. என் ரப்பரோ ஓரிரு அங்குலத்துக்கு ஒருமுறை பழைய செருப்பின் வார்போல அறுந்தது. பாதியில் இன்னொன்றும் தெரிந்தது. முன்பு ஒரு பட்டறையில் ஒழுக்கை அடைத்துத் தருகிறேன் என்று குளியலறைக்குப் பூசும் சிலிக்கோனைப் பிதுக்கி வைத்திருக்கிறார்கள். உலரும்போது வினிகர் வாடை வருமே, அந்த வகை. அதிலிருந்து வெளியேறும் அமிலம் இரும்புக்கு ஆகாது. அது மட்டுமில்லை, உள்ளே போன தண்ணீர் வெளியேறும் வழியையும் அது அடைத்துவிட்டது.

மைத்துனன் வெயிலில் நின்று நின்று வெறுத்துப்போனான். "மாமா, புது ரப்பர் பெட்டிக்குள் இருக்கிறது. இதை இன்னும் எத்தனை மணி நேரம் காப்பாற்றப் போகிறீர்கள்?"

அவன் கேட்டது நியாயம். கட்டரில் புது பிளேடு மாட்டினேன். வெளியேயிருந்து கண்ணாடியின் மேல் படியும் உதட்டை, பிளேடைக் கண்ணாடிக்குக் கிட்டத்தட்டப் படுக்கவைத்து, சோப்புத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அறுத்தேன். அதற்கு முன் ஓரத்து மணலை நன்றாகக் கழுவிவிட வேண்டும். எஃகு பிளேடு கண்ணாடியை எளிதில் கீறாது, பிளேடுக்கு அடியில் உருளும் மணல் கீறும். கடற்கரைப் பக்கம் வீடு இருந்தால் மணலுக்குப் பஞ்சமில்லை. கறுப்புச் சுருளாக ரப்பர் தரையில் விழுந்துகொண்டே போனது. முழுச் சுற்றும் முடியக் கால் மணி நேரம்தான் ஆனது. அதற்குப் பிறகு கண்ணாடியைத் தள்ளவே தேவைப்படவில்லை. உள்ளேயிருந்து விரல் நுனியால் தொட்டேன், மேல் ஓரம் தானாக முன்னால் சாய்ந்தது. மைத்துனன் ஒரு பக்கம், என் மனைவி மறுபக்கம், இரண்டு பேரும் கையுறையோடு பிடித்துத் தூக்கினார்கள். ஏழெட்டுக் கிலோ இருக்கும். அவள் அதை எங்கே வைப்பது என்று கேட்கும்வரை அதை நான் யோசிக்கவே இல்லை.

கண்ணாடியின் கீழ் ஓரத்தில் விரல் அகலத்துக்குப் பால்போல வெண்மை படர்ந்திருந்தது. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே உள்ள படலத்தில் ஈரம் ஏறியதன் அடையாளம். ரப்பரின் உதட்டுக்குள் மறைந்துவிடும் என்பதால் கவலையில்லை. விரிசல் ஒன்றும் இல்லை.

தகட்டு விளிம்புதான் கவலை. மேல் பக்கம் பழைய பெயின்டே இருந்தது. கீழே ஓட்டுநர் பக்க மூலையில் கம்பி பிரஷை வைத்துத் தேய்த்தேன். முதலில் பெயின்ட் போனது, அடுத்து அரை அங்குலக் கனத்துக்குப் பட்டி (பெயின்டுக்கு அடியில் பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) பெயர்ந்து வந்தது, அதற்கடியில் துரு அப்பளம்போல அடுக்கடுக்காக உரிந்தது. கடைசியில் பிரஷ் காற்றில் ஆடியது. உள்ளங்கை நீளத்துக்குத் தகடே இல்லை. இத்தனை வருடமும் கண்ணாடியின் அந்த மூலையைத் தாங்கியது வெறும் பட்டி.

ஞாயிறு மாலை, காரின் தகட்டு வேலை பார்க்கும் டிங்கர் வந்து பார்த்தார். துருவின் மேலேயே ஒரு தகட்டை வைத்து வெல்டிங் அடித்து, மேலே பட்டி பார்த்துவிடலாம் என்றார். எனக்கு அதில் சம்மதமில்லை. ரப்பரின் பள்ளம் ஒற்றைத் தகட்டின் கனத்துக்கு அளவெடுத்தது. அங்கே இரண்டு தகடும் பட்டியும் சேர்ந்தால் உதடு உட்காராது, அடுத்த ஐப்பசியில் மறுபடி சொம்பு நிறையும். துரு பிடித்த பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, அதே கனத்தில் புதுத் தகட்டை முனையோடு முனை சேர்க்கச் சொன்னேன். "அதற்கு இரண்டு நாள் ஆகும் அண்ணே" என்றார். ஆகட்டும் என்றேன். வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அதுவரை துளையின் மேல் தார்ப்பாய். கண்ணாடி பவானி ஜமுக்காளத்தில் சுற்றப்பட்டுப் படுக்கையறையில் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நிற்கிறது. அந்தப் பக்கம் பெருக்க முடியவில்லை என்று இதுவரை இரண்டு முறை புகார் வந்திருக்கிறது.