பானெட் உயர்ந்த ஜீப்

07.01.2024

நாகலூர்ப் பக்கத்துக் காப்பித் தோட்டம் ஒன்றின் கொட்டகையில் 'உலகப் போர் மிலிட்டரி ஜீப்' நிற்பதாகத் தரகர் சொன்னதை நம்பி இன்று காலை ஏற்காட்டுக்குப் போனேன். கதவைத் திறந்ததுமே அது போர்க்கால வண்டி அல்ல என்று தெரிந்துவிட்டது. போரின்போது செய்யப்பட்ட அமெரிக்க ஜீப்பான வில்லிஸ் எம்.பி.யின் பானெட் தாழ்ந்திருக்கும். முகப்புத் தகட்டில் ஒன்பது பிளவுகள் இருக்கும். இரவில் எஞ்சினைப் பழுது பார்ப்பதற்காக அதன் ஹெட்லைட்டை உள்பக்கமாகத் திருப்பவும் முடியும். இங்கே நின்ற வண்டிக்கோ ஏழு பிளவுகள், நிமிர்ந்த பானெட், பின்னால் இறக்கிவிடும் கதவு. இது மகிந்திராவின் சி.ஜே. 3பி, ஆர்.சி. புத்தகத்தில் 1967 என்று இருக்கிறது.

எனக்கு ஏமாற்றம் இல்லை. 1947இல் பம்பாயில் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகம் பாகமாகப் பூட்டிச் செய்யத் தொடங்கிய மகிந்திரா, அமெரிக்காவில் 1968இல் நின்றுபோன இந்த வகையை அதன் பிறகும் பல ஆண்டுகள் இங்கே செய்துவந்தது. மலைத் தோட்டங்களில் உர மூட்டை சுமந்த ஜீப் என்றால் பலருக்கும் நினைவில் வருவது இந்த முகம்தான். தரகர் சொன்ன விலையிலிருந்து உலகப் போரைக் கழித்துவிட்டுப் பேசி முடித்தோம்.

28.01.2024

வண்டி சேலம் கொண்டலாம்பட்டியிலுள்ள பட்டறைக்கு வந்து சேர்ந்தது. பானெட்டுக்குள் இருப்பது டீசல் எஞ்சின். பெட்ரோல் செலவு தாங்காமல் அந்தக் காலத்தில் பல ஜீப்புகளுக்கு நேர்ந்த மாற்றம்தான் என்பதால் தோட்டக்காரரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 2021 ஜூலையில் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்து 'வி.ஏ.' எழுத்துகள் கொண்ட எண்ணைப் பெற வேண்டுமானால், சேஸ், பாடி, எஞ்சின் மூன்றும் பெரிய மாற்றமின்றி முதல் வடிவிலேயே இருக்க வேண்டும். அப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, ராலி போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம் என்பது வேறு விஷயம். தினமும் ஓட்டுவதற்கு நான் இதை வாங்கவில்லை.

பழைய எஞ்சின் எங்கே என்று தோட்டத்துக்குப் போன் செய்து கேட்டேன். காப்பிப் பழம் அரைக்கும் கொட்டகையில் சாக்குகளுக்கு அடியில் ஏதோ ஒன்று கிடப்பதாகச் சொன்னார்கள்.

04.02.2024

கிடந்தது அதுதான். எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம், தண்ணீர்ப் பம்புக்கு அருகே மேடாக உள்ள திட்டைத் துணியால் துடைத்தபோது தெரிந்த எண்ணும் ஆர்.சி. புத்தகத்து எண்ணும் ஒன்றாக இருந்தன. டீசலுக்கு மாற்றியதை யாரும் புத்தகத்தில் ஏற்றாமல் விட்ட அசட்டையால் எனக்கு நன்மை விளைந்திருக்கிறது.

இது 2,199 சி.சி. ஹரிகேன் எஞ்சின். பெட்ரோல் கலவையை உள்ளே விடும் இன்டேக் வால்வு மேலே ஹெட்டிலும், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு கீழே பிளாக்கிலும் இருக்கும் எஃப்-ஹெட் அமைப்பால் எஞ்சின் உயரமாகி, அதை மூடுவதற்காகவே பானெட்டையும் உயர்த்த வேண்டியதாயிற்று. இந்த முகத்தை அழகில்லை என்பவர்களுக்கு நான் சொல்லும் பதிலும் இதுதான்.

18.02.2024

பத்து நாள் எண்ணெயில் ஊறிய பிறகும் இரண்டு எக்ஸாஸ்ட் வால்வுகள் அசையவில்லை. ஊறட்டும்.

இதற்கிடையில் சிறு பாகங்களின் துருவை நீக்கத் தொடங்கினேன். பிளாஸ்டிக் டிரம்மில் சலவைச் சோடாக் கரைசலை நிரப்பி, பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையைத் துருப்பிடித்த பாகத்திலும் பாசிட்டிவ் முனையைப் பழைய இரும்புத் தகட்டிலும் மாட்டினால், ஓரிரவில் துரு கறுத்துப் பொடியாகத் தேய்த்தெடுக்கும் பதத்துக்கு வந்துவிடும். நல்ல இரும்பு தேயாது. பக்கத்துப் பட்டறைக்காரர் அன்போடு ஓர் எவர்சில்வர் தகட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். எவர்சில்வர் செய்யும் உருக்காலை இருக்கும் ஊரில் அந்தத் தகட்டுக்குப் பஞ்சமில்லைதான். ஆனால் இந்த வேலைக்கு அது ஆகாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து, கொட்ட இடமில்லாத நச்சுத் தண்ணீராகிவிடும்.

10.03.2024

டிங்கர் அண்ணனோடு இன்று முழுவதும் வாக்குவாதம். பாடியெங்கும் பட்டி போட்டு இழைத்துக் கண்ணாடி போலப் பெயிண்ட் அடிக்கலாம் என்பது அவர் கட்சி. புதிதாக வந்த காலத்திலும் இந்த வண்டி கண்ணாடி போல இருந்ததில்லை, ஸ்பாட் வெல்டிங்கின் குழிகள் தெரியத்தான் செய்தன என்பது என் கட்சி. பேட்டரித் தட்டுக்கு அடியில் வாட்டர் பேப்பரால் தேய்த்துப் பார்த்தோம். வெள்ளை, நீலம், மறுபடி வெள்ளை என்று வளையம் வளையமாக விரிந்து, கடைசியில் மங்கிய பச்சை வந்தது. அந்தப் பச்சைதான் என்று முடிவாயிற்று. துளைத்த துருவை மட்டும் வெட்டி ஒட்டுவது, ஒடுங்கல்களை விட்டுவிடுவது என்று உடன்பட்டார். டேஷ்போர்டின் இடது ஓரத்தில் யாரோ துளைத்த இரண்டு ஓட்டைகளை அடைத்துவிடவா என்று கேட்டார். அப்புறம் பார்க்கலாம் என்றேன்.

24.03.2024

பழம்பொருள் வியாபாரி ஒருவரிடம் '1942' என்று பொறித்த பித்தளைத் தகட்டை நல்ல விலை கொடுத்து வாங்கியிருந்தேன். ஜீப்புக்கு அல்ல, என் அலமாரிக்கு. எழுத்துகளின் பள்ளத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் பித்தளை புதுப் பொன்னாக மின்னுகிறது. மேற்பரப்பை மட்டும் ஏதோ திராவகத்தில் கறுப்பாக்கியிருக்கிறார்கள். தோட்டக் கணக்கறையில் இனாமாகக் கிடைத்த, அட்டை கிழிந்த பெட்ரோல் கணக்கு நோட்டு இதைவிட மேலானது. எந்தத் தேதியில் எத்தனை லிட்டர், யார் ஓட்டியது என்பதெல்லாம் அதில் இருக்கின்றன. மழைக்காலப் பக்கங்களில் பெட்ரோல் செலவு ஏறுவதைக் கொண்டே சேற்றில் எத்தனை நாள் நான்கு சக்கரமும் உழைத்தன என்று ஊகித்துவிடலாம்.

21.04.2024

வால்வுகள் விட்டன. சிலிண்டர் தேய்மானம் அதிகமில்லாததால், லேத் பட்டறையில் அதன் உள்சுவரை லேசாகத் தேய்த்து (ஹோனிங்) புது பிஸ்டன் ரிங் போட்டோம். கைப்பிடி போட்டுச் சுற்றிய நான்காவது முறையில் ஓடியது.

12.05.2024

அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறினோம். பாதி வழியில், வெயிலில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி எஞ்சின் திணறியது. பழைய டிரைவர்கள் செய்வதைப் போலப் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றி, கால் மணி நேரம் நிழலில் நிறுத்தி, மறுபடி கிளம்பினோம்.

தோட்டத்தில், கணக்கு நோட்டில் அடிக்கடி வரும் பெயருக்குரிய முன்னாள் டிரைவர் எங்களுக்காகக் காத்திருந்தார். எழுபதைத் தாண்டியவர். வண்டியை ஒருமுறை சுற்றி வந்து, நேராக டேஷ்போர்டின் இடது ஓரத்துக்குப் போய் அந்த இரண்டு ஓட்டைகளையும் விரலால் தொட்டார். எடைச் சீட்டுகளை வைக்க அங்கே ஒரு பிஸ்கட் டப்பாவைத் தாமே முடுக்கியிருந்ததாகச் சொன்னார். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்து அரை மைல் ஓட்டி, பிரேக் போட்டு நிறுத்தி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இன்னும் லெப்ட்லயே இழுக்குதே. அப்பவே ஓனர்கிட்டச் சொன்னேன்."

நாளை முன் இடது பிரேக் டிரம்மைக் கழற்ற வேண்டும்.