384 குழிகள்

பிப்ரவரி 3
மதியம் எலும்பு மஜ்ஜை மாதிரி வந்தது. சின்னப் பையன், டி-செல் (ஒருவகை வெள்ளணு) ரத்தப் புற்றுநோய், சிகிச்சைக்குப் பிறகு திரும்பியிருக்கிறது. பெயர் எங்களுக்கு வராது, குறியீட்டு எண்தான். இந்தச் செல்கள் உடம்பை விட்டு வந்தால் தாமாகவே சாகத் தொடங்கிவிடும். மருந்து கொன்றதா, தானாகச் செத்ததா என்று பிறகு முழிக்காமலிருக்க, மஜ்ஜையின் துணைச் செல்களை அடியில் பரப்பி அவற்றின் மேல் விடுகிறோம்.

பிப்ரவரி 4
384 சிறு குழிகள் உள்ள சோதனைத் தட்டில் செல்களைப் போட்டாயிற்று. மேலே இரண்டு மருந்துகள்: கிடையாக வெனிடோகிளாக்ஸ், நெடுக்காக நாவிடோகிளாக்ஸ், படிப்படியாக அளவு கூடும். ஓரக் குழிகள் சீக்கிரம் காய்வதால் அங்கே வெறும் திரவம் மட்டும்.

"ரெண்டும் ஒரே குடும்பம்தானே அக்கா, எதுக்கு ரெண்டு?" என்றாள் புது மாணவி. சரியான கேள்வி. புற்றுச் செல்லைச் சாகவிடாமல் காப்பவற்றில் பிசிஎல்-2 ஒரு புரதம். டி-செல் புற்றுகளில் பல, பிசிஎல்-எக்ஸ்எல் என்ற அதன் பங்காளியையும் நம்பியிருக்கும். வெனிடோகிளாக்ஸ் முதலாவதை மட்டும் அடைக்கும், நாவிடோகிளாக்ஸ் இரண்டையும். அப்படியென்றால் அது ஒன்றே போதுமே? போதாது. ரத்தத் தட்டணுக்கள் உயிரோடிருப்பதே பிசிஎல்-எக்ஸ்எல் தயவில். அளவு கூடினால் தட்டணு சரியும். அதனால்தான் அதைக் கொஞ்சமாக வைத்து, மிச்ச வேலையை வெனிடோகிளாக்ஸிடம் விடுவது. நோய் திரும்பிய அல்லது சிகிச்சைக்கு அடங்காத 47 பேரிடம், சிறுவர்களும் உட்பட, கீமோவோடு சேர்த்து இப்படிக் கொடுத்துப் பார்த்த முடிவு 2021-ல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டோருக்கு நோய் அடங்கியது.

பிப்ரவரி 5
காத்திருப்பு. மாணவிக்கு 1960-களின் பெதஸ்டா கதையைச் சொன்னேன். அங்கே, அமெரிக்க தேசியப் புற்றுநோய்க் கழகத்தில், ஃப்ரெய்ரைக், ஃப்ரெய் என்ற மருத்துவர்கள் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளுக்கு வின்கிரிஸ்டின், மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோபியூரின், பிரெட்னிசோன் நான்கையும் சேர்த்துக் கொடுத்தார்கள். நான்கின் பக்கவிளைவுகளும் ஒரே இடத்தில் குவியாது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கு எனக்கு இன்றும் பிடிக்கும்.

பிப்ரவரி 7
நுண்ணோக்கி தட்டைப் படித்து முடித்தது. ஒரு மருந்து 40%, இன்னொன்று 50% கொன்றால், சேர்ந்து 70% எதிர்பார்க்கலாம்: முதலாவது விட்டுவைத்த 60%-ல் பாதியை இரண்டாவது கொல்லும். அதைத் தாண்டினால்தான் கூட்டணி என்று பேச்சு. சில குழிகளில் நன்றாகவே தாண்டியிருக்கிறது, அதுவும் நாவிடோகிளாக்ஸ் குறைவாக உள்ள வரிசைகளில். மாணவிக்குத் துள்ளல். எனக்கு அவ்வளவு இல்லை. இந்தக் குழிகளில் தட்டணு கிடையாது, கல்லீரல் கிடையாது. எலிகளுக்குப் போகுமுன் வேறு குழந்தைகளின் செல்களிலும் இதே வரிசைகள் நிற்கின்றனவா பார்க்க வேண்டும். திங்களன்று அடுத்த மாதிரி. அப்புறம், துணைச் செல்கள் தீர்ந்துபோயின, இன்றே உறைபெட்டியிலிருந்து எடுத்து வளர்க்கப் போட வேண்டும்.